நெஞ்சைக் காத்தால் நினைவையும் காக்கலாம்



ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், அந்த மாத்திரை அட்டையை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்தத் தேதிக்கு எத்தனை மாத்திரை காலியாகியிருக்க வேண்டுமோ, அத்தனையும் காலியாகியிருக்கிறதா?

பல வீடுகளில் காலியாகியிருக்காது. மருந்து கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெரியவர்கள் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றேதான்.

"மாத்திரை தீர்ந்துடுச்சாங்க ஐயா?"

"போன தடவை குடுத்ததே ரெண்டு அட்டை அப்படியே இருக்கும்மா. தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல. நல்லாத்தானே இருக்கேன், எதுக்குச் சும்மா மாத்திரை?"

"மாத்திரையை நிறுத்தினால் மாரடைப்பு வரலாம்" என்று சொன்னால், "வர்றப்ப வரட்டும்மா, வயசாச்சு" என்பார். இதே பெரியவரிடம், "ஐயா, பிரஷரைக் கவனிக்காமல் விட்டால் பேரப்பிள்ளை பேரே மறந்துபோகும் நோய்க்கும் அது வழிவிடும்" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். உயிர் போவதைவிட, உயிரோடு இருந்துகொண்டே சொந்தபந்தம் தெரியாமல் போவதுதான் பலருக்குப் பெரிய பயம்.

அப்படிச் சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. இதயத்தைக் கெடுக்கும் பல காரணங்கள் மூளையின் நினைவாற்றலையும் கெடுக்கின்றன என்பது ஆய்வுகள் சொல்லும் உண்மை. இந்தப் பாடத்தில் அதைத்தான் எளிமையாகப் பார்க்கப்போகிறோம்.

எல்லா மறதியும் நோயா?

இல்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், தெரிந்தவர் பெயர் சட்டென்று நாக்கில் வராமல் பிறகு ஞாபகம் வருவதும் வயதாக ஆகப் பலருக்கும் இருப்பதுதான்.

டிமென்ஷியா எனும் மறதி நோய் வேறு. கண்ணாடி எதற்கு என்பதிலேயே குழப்பம் வரும். பல வருடம் போய்வந்த தெருவில் வழி தெரியாது. சாப்பிட்டதை மறந்து "இன்னும் எனக்குச் சோறு போடலையே" என்பார்கள். காசுக் கணக்கு தவறும். ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு தடவை கேட்பார்கள். குணமும் மாறலாம். அன்றாட வேலையைத் தானே செய்துகொள்ள முடியாத அளவுக்கு மறதியும் குழப்பமும் வளர்ந்தால் அதுதான் டிமென்ஷியா.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று நாடு தழுவிய முதியோர் ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இதில் மிகப் பரவலானது அல்சைமர் வகை. அடுத்தபடியாக, மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெடுவதால் வருவது. பல முதியவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும். அங்கேதான் இதயம் இந்தக் கதைக்குள் வருகிறது.

தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்

நம் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. ஒவ்வொரு நிமிடமும் இதயம் அனுப்பும் ரத்தத்தை நம்பித்தான் அது ஓடுகிறது.

சொட்டுநீர்ப் பாசனம் போட்ட தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மோட்டார், அதிலிருந்து பெரிய பைப், அதிலிருந்து பிரியும் மெல்லிய கறுப்புக் குழாய்கள், கடைசியில் செடியின் வேரில் சொட்டு விழும் சின்னத் துளைகள். இதயம்தான் மோட்டார். கழுத்து வழியாக ஏறும் ரத்தக்குழாய்கள் பெரிய பைப். மூளைக்குள் பரவும் நுண்குழாய்கள் அந்தக் கறுப்புக் குழாய்கள்.

இப்போது மூன்று சங்கடங்கள் வரலாம்.

1. மோட்டாரின் அழுத்தம் அளவுக்கு மீறினால், பெரிய பைப் தாங்கிக்கொள்ளும். மெல்லிய குழாய்தான் அடிவாங்கும். உயர் ரத்த அழுத்தம் வருடக்கணக்கில் நீடித்தால், மூளையின் நுண்குழாய்களின் சுவர் தடித்து, இறுகி, உள்வழி குறுகுகிறது. சில இடங்களில் கசியவும் செய்யும்.

2. தண்ணீரில் உப்பு அதிகமிருந்தால் துளைகளில் படிந்து அடைக்கும். ரத்தத்தில் கெட்ட கொழுப்பும் சர்க்கரையும் கூடுவது, புகைபிடிப்பது ஆகியவை ரத்தக்குழாய்க்குச் செய்யும் வேலையும் அப்படித்தான்.

3. மோட்டாரே சீராக ஓடாவிட்டால் தண்ணீர் போய்ச் சேராது. இதயம் பலவீனமானாலும், அதன் துடிப்பு தாளம் தப்பினாலும் மூளைக்குச் சிக்கல். தாளம் தப்பும் இதயத்தில் ரத்தக்கட்டி உருவாகி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கும் ஆபத்தும் உண்டு.

தோட்டத்தில் எந்தச் செடி முதலில் வாடும்? குழாயின் கடைசி முனையில் இருப்பது. மூளையிலும் அப்படித்தான். உட்பகுதியில், நுண்குழாய்களின் கடைசி எல்லையில் இருக்கும் வெண்பகுதி முதலில் பாதிக்கப்படுகிறது. மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பு இழைகள் அங்கேதான் இருக்கின்றன. அவை பாதித்தால் யோசனை மெதுவாகும்; திட்டமிட்டு வேலை செய்வது கஷ்டமாகும்.

இன்னொரு விஷயம். கை கால் இழுத்துக்கொண்டால்தான் 'ஸ்ட்ரோக்' என்று நினைக்கிறோம். எந்த அறிகுறியும் காட்டாமல் வரும் மிகச்சிறிய ஸ்ட்ரோக்குகளும் உண்டு. ஸ்கேன் எடுத்தால் மட்டுமே தெரியும். ஒன்றிரண்டாகச் சேர்ந்து பல வருடங்களில் அவை நினைவாற்றலைச் சரிக்கும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லும் காலத்திலேயே இது நடந்துகொண்டிருக்கலாம்.

40 வயதில் கவனித்தால் 70-ல் பலன்

"எனக்கு 45 வயசுதான், மறதி நோயைப் பத்தி இப்பவே எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான் முதலில்.

லண்டன் அரசு ஊழியர்கள் 10,000-க்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. 50 வயதில் மேல் அளவு 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா வரும் ஆபத்து கூடுதலாக இருந்ததை அது கண்டறிந்தது. 60, 70 வயதில் எடுத்த அளவில் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. ஏன்? குழாய்கள் கெடுவதற்குப் பல வருடங்கள் ஆகின்றன. நடுவயதில் ஏறிய அழுத்தம்தான் முதுமையில் கணக்குக் கேட்கிறது.

உலக மருத்துவ நிபுணர்கள் அடங்கிய லான்செட் ஆணையம், டிமென்ஷியாவுக்கான மாற்றத்தக்க 14 காரணங்களை 2024-ல் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் ஏற்படும் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. அந்த 14-ல் 7 காரணங்கள் நமக்கு நன்கு தெரிந்த இதய எதிரிகள்: உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகைப்பழக்கம், உடலுழைப்பின்மை, மிதமிஞ்சிய மது.

மற்றவற்றில் காது கேளாமை, பார்வைக் குறைபாட்டுக்குச் சிகிச்சை எடுக்காதது, தனிமை, மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு, இளவயதில் போதிய படிப்பு இல்லாதது ஆகியவை வருகின்றன. ஆகவே அப்பாவின் காது மிஷினும், அம்மாவின் கண்புரை ஆபரேஷனும், பைக்கில் போகும்போது போடும் ஹெல்மெட்டும்கூட மூளையைக் காக்கும் வேலைதான்.

மருந்து எடுத்தால் உண்மையிலேயே குறையுமா?

நியாயமான கேள்வி. இரண்டு பெரிய ஆய்வுகள் இதற்குப் பதில் தருகின்றன.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. 50 வயதைக் கடந்த, உயர் ரத்த அழுத்தம் உள்ள 9,000-க்கும் மேற்பட்டவர்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மேல் அளவை 140-க்குக் கீழே வைப்பது இலக்கு. மற்றதற்கு 120-க்குக் கீழே. டிமென்ஷியாவுக்கு முந்திய படியான லேசான நினைவுக் குறைபாடு, அழுத்தத்தை அதிகம் குறைத்த குழுவில் 19 சதவீதம் குறைவாக இருந்தது. டிமென்ஷியாவும் அந்தக் குழுவில் குறைவாகவே காணப்பட்டது; ஆனால் உறுதியாக அடித்துச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் போதவில்லை. முடிவுகள் 2019-ல் வெளியாயின.

இரண்டாவது ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. சீனாவில் 326 கிராமங்களில், ரத்த அழுத்தம் கட்டுப்படாமல் இருந்த 40 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 34,000 பேரிடம் நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர் என்று போகவில்லை. ஊரிலேயே இருக்கும், அடிப்படைப் பயிற்சி பெற்ற கிராம மருத்துவப் பணியாளர்கள் டாக்டர்களின் மேற்பார்வையில் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டிலேயே அழுத்தம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். விடாமல் போய் விசாரித்தார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால், இந்தக் கவனிப்பு கிடைத்த கிராமங்களில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைவு. 2025-ல் இது வெளியானது.

வீடு தேடி வந்து, விடாமல் விசாரித்து, மாத்திரை கையில் சேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நம் ஊரில் நிலைமை என்ன?

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த தொற்றா நோய் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. நூறு பேரில் ஏழு பேர்!

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நோய் இருப்பவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை வீட்டிலேயே தருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் இத்திட்டம் பெற்றது.

மருந்து வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. வாசலிலிருந்து வாய்க்குப் போவது நம் பொறுப்பு.

உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

செல்போன் எண், ஆதார் எண் தெரிந்திருப்பதுபோல் இவையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்.

• ரத்த அழுத்தம்: 120/80-க்குக் கீழே இருந்தால் இயல்பு. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை அவசியம். இடைப்பட்ட அளவு என்றால் இப்போதே உணவு, நடையைச் சீர்செய்யுங்கள்.
• வெறும் வயிற்றில் சர்க்கரை: 100-க்குக் கீழே இயல்பு. 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோயாக இருக்கலாம்; டாக்டரைப் பாருங்கள்.
• கெட்ட கொழுப்பு: எவ்வளவு இருக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.
• இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது.

அழுத்தம் பார்க்கும் முறையும் முக்கியம். பஸ் பிடித்து ஓடிவந்து உடனே கையை நீட்டாதீர்கள். காபி, டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். அளவு எடுக்கும்போது பேசவேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் பாருங்கள்.

அடுப்படியிலும் தெருவிலும் செய்ய வேண்டியவை

உப்பு: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழம்பில் போடும் உப்பு மட்டும் கணக்கில்லை. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர், பேக்கரி பண்டம் எல்லாம் சேர்த்துத்தான். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்பு டப்பாவை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

தட்டு: சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரை, காய், பருப்பு, சுண்டலைக் கூட்டுங்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைக்காதீர்கள்.

நடை: வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள், வேகநடை. பேசமுடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் தனிமைக்கும் அது மருந்து.

பீடி, சிகரெட், புகையிலை: குறைப்பது போதாது, விடவேண்டும். எந்த வயதில் விட்டாலும் ரத்தக்குழாய்க்கு நன்மை.

தூக்கம்: இரவு ஏழு, எட்டு மணி நேரம். சத்தமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

வாசகர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

*பிரஷர் நார்மல் ஆயிடுச்சே, மாத்திரையை நிறுத்தலாமா?*
மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

*மாத்திரை போட்டா எழுந்திருக்கும்போது கண்ணை இருட்டுது, என்ன செய்யலாம்?*
வயதானவர்களுக்கு இது நடக்கும். அவர்களாக நிறுத்திவிடாமல், உடனே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். 80 வயதைக் கடந்து தளர்ந்திருப்பவர்களுக்கு இலக்கு அளவே வேறாக இருக்கலாம். அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைவதும் நல்லதல்ல.

*அம்மாவுக்கு ஏற்கெனவே மறதி நோய் வந்துடுச்சு. இனிமே பிரயோஜனம் உண்டா?*
போன நினைவு இதனால் திரும்பாது. ஆனால் அடுத்த ஸ்ட்ரோக் வராமல் தடுத்தால், இருப்பது இன்னும் வேகமாகச் சரிவதைத் தவிர்க்கலாம். மறதி உள்ளவர் கையில் மாத்திரை டப்பாவைக் கொடுத்துவிடாமல், வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுக் கொடுக்க வேண்டும்.

*எல்லாம் சரியா செஞ்சா நிச்சயம் வராதா?*
அப்படி யாரும் உத்தரவாதம் தர முடியாது. வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை. ஆபத்தைக் குறைப்பதும் தள்ளிப்போடுவதும்தான் நம் கையில் இருப்பது. ஐந்து வருடம் தள்ளிப்போனாலும், அந்த ஐந்து வருடம் அவர் தன் காலில் நின்று, தன் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாழும் வருடங்கள்.

யாரை அணுகலாம்?

• உங்கள் பகுதி மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அல்லது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம்: ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை, மாத்திரை. பதிவுக்கு ஆதார் அட்டையும், பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். வெளியூர் போய்த் தங்கினால் சீட்டையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள்.
• 104: மருத்துவ ஆலோசனை உதவி எண்.
• 14567: மூத்த குடிமக்களுக்கான உதவி எண்.
• 14416: மனநல ஆலோசனை எண். மறதி நோயாளியைக் கவனித்துக் களைத்துப்போனவர்களும் பேசலாம்.
• 108: முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையோ காலோ தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்று காத்திருக்கவேண்டாம். அறிகுறி ஆரம்பித்த நேரத்தைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கே செய்ய மூன்று வேலை

ஒன்று, 30 வயதைக் கடந்தவராக இருந்து இந்த வருடம் பி.பி. பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

இரண்டு, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் திட்டாதீர்கள். ஏன் விட்டார் என்று கேளுங்கள். பெரும்பாலும் கிறுகிறுப்பு, வயிற்று எரிச்சல், அல்லது மாத்திரைமேல் ஒரு பயம் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். அதை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

மூன்று, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்று ராத்திரி ஒரு போன் போடுங்கள். "சாப்டீங்களா?" என்று வழக்கமாகக் கேட்பீர்கள். அதோடு "மாத்திரை போட்டீங்களா?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நாளைக்கும் கேளுங்கள்.